யந்திரக் கைக்குப் பாடம் சொன்னவர்கள்

'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் எஞ்சினீயர் அல்ல; ஒரு நாடகாசிரியர். எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இதில் கொஞ்சம் கர்வப்பட இடம் உண்டு. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-ல் ஒரு நாடகம் எழுதினார். மறு வருஷம் அது பிராக் நகரத்தில் மேடை ஏறிற்று. மனிதனுக்குப் பதிலாகப் பாடுபடுவதற்கென்றே தொழிற்சாலையில் உண்டாக்கப்படும் செயற்கை ஜீவன்கள் அதில் வருகின்றன. அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் தயங்கியபோது, ஓவியரான அண்ணா ஜோசப் எடுத்துக் கொடுத்த பெயர்தான் இது. செக் பாஷையில் 'ரோபோட்டா' என்றால், நிலச்சுவான்தாருக்குக் குடியானவன் கூலி இல்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதி. இன்று நாம் 'வெட்டி வேலை' என்றால் யாருக்கும் பிரயோஜனம் இல்லாத வேலை என்று அர்த்தம். அன்றைய வெட்டியில் பிரயோஜனம் நிறைய இருந்தது, செய்தவனுக்குத்தான் இல்லை.

பெயர் பிறந்து நாற்பது வருஷம் கழித்துத்தான் உடம்பு பிறந்தது. சாப்பெக் கற்பனை செய்தது மனித உருவத்தை. வந்து சேர்ந்ததோ ஒரு கை மட்டும். தலை இல்லை, கால் இல்லை, கண் இல்லை. அந்தக் கை இன்றைக்கு மிக அதிகமாகச் செய்யும் வேலைகளில் ஒன்று, கார் தொழிற்சாலைகளில் தகட்டோடு தகட்டை வெல்டிங் வைப்பது. அதைக் கண்டுபிடித்தவர்களின் சரித்திரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கைக்குப் பக்கத்தில் நின்று, அதற்குப் பாடம் சொல்லி, மூக்கு அடைத்தால் குத்திவிட்டு, நடுநிசியில் அது மக்கர் பண்ணினால் ஓடிப்போய்ப் பார்க்கிறவனைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது.

முதலில் வெல்டிங்கைப் பற்றிச் சில வார்த்தைகள். இரண்டு இரும்புத் துண்டுகளை உலையில் பழுக்கக் காய்ச்சி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அடித்து ஒன்றாக்குவது நம் ஊர்க் கொல்லனுக்கும் தெரிந்த வித்தைதான். உலைக்குப் பதில் மின்சாரம் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1881-ல் நிகொலாய் பெனார்தோஸ் என்பவர், கார்பன் குச்சிக்கும் இரும்புக்கும் நடுவே மின்பொறியை நிறுத்தி உலோகத்தை உருக்கிக் காட்டினார். இன்று தெருமுனைக் கிரில் பட்டறையில் நீலமாகச் சீறுகிற வெளிச்சத்தின் பூர்வோத்தரம் அது. அதே பத்தாண்டில் அமெரிக்காவில் எலிஹு தாம்சன் வேறு வழியைக் கண்டார். இரண்டு தகடுகளைச் சேர்த்து அழுத்தி, நடுவே பெரிய மின்சாரத்தைச் செலுத்தினால், தகடுகள் தொடும் இடம் தானே சூடேறி உருகி ஒட்டிக்கொள்ளும். ஸ்பாட் வெல்டிங்குக்கு மூலம் இதுதான்.

இதை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய இடுக்கி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் இரண்டு நுனியிலும் தாமிரக் குமிழ். குமிழுக்குள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். இடுக்கி இரண்டு தகடுகளைக் கடிக்கிறது. எட்டாயிரம், பத்தாயிரம் ஆம்பியர் மின்சாரம், ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பாய்ந்து நிற்கிறது. தகடுகளின் நடுவே துவரம் பருப்பு அளவு உலோகம் உருகி உறைகிறது. அவ்வளவுதான். ஒரு காரின் கூட்டில் இப்படி மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் பருப்புகள் இருக்கும். காரில் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போகும் நாம், இந்தப் பருப்புகளை நம்பித்தான் மலை ஏறுகிறோம்.

1912 வாக்கில் பிலடெல்பியாவில் எட்வர்ட் பட் என்பவர் முழுக்க எஃகுத் தகட்டாலேயே கார் உடலைச் செய்ய ஆரம்பித்தார். அதற்குமுன் கார் உடலில் மரச்சட்டம்தான் பிரதானம். அதைச் செய்தவர்கள் வண்டி ஆசாரிகள். மரம் போய்த் தகடு வந்ததும், ஆசாரியின் இடத்தில் வெல்டிங் கன் பிடித்தவன் வந்து நின்றான். கனமான கன் தலைக்கு மேலே சுருள்வில்லில் தொங்கும். அதோடு மலைப்பாம்பு போலத் தடித்த கேபிள், தண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்ந்து வரும். கார் கூடு நகர்ந்து வரும். இவன் அதோடு நடந்துகொண்டே தனக்கு விதித்த இருபது முப்பது இடங்களில் கடிக்கவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த கூடு வந்துவிடும். பொறி சட்டைக்குள் விழும், பூட்ஸுக்குள் விழும். இப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். தோளும் இடுப்பும் போனபின் ஓய்வு. 'பாவம், மனிதன் செய்யக்கூடிய வேலையா இது' என்று யாராவது கேட்டால், 'இல்லை' என்பதுதான் நியாயமான பதில். இந்தப் பதிலை முதலில் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவதைப் பட்சபாதம் இல்லாமல் பார்க்க முடியும்.

ஜார்ஜ் டெவால் என்ற அமெரிக்கர் 1954-ல் ஒரு காப்புரிமைக்கு மனுப் போட்டார். சொல்லிக் கொடுத்த வரிசைப்படி பொருளை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கும் யந்திரம். 1956-ல் ஒரு விருந்தில் ஜோசப் எங்கெல்பெர்கர் என்ற எஞ்சினீயரை அவர் சந்தித்தார். எங்கெல்பெர்கர் ஐசக் அசிமோவின் ரோபோ கதைகளில் ஊறியவர். கையில் மதுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் யந்திரத்தைப் பற்றிச் சொல்ல, மற்றவர் அதைக் கதையிலிருந்து இறங்கி வந்த ரோபோவாகவே பார்த்துவிட்டார். இருவரும் சேர்ந்து உண்டாக்கிய கம்பெனிதான் யூனிமேஷன். 1961-ல் காப்புரிமையும் கிடைத்தது. அதே வருஷம் முதல் 'யூனிமேட்' யந்திரம் நியூ ஜெர்ஸியில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தது. கிட்டத்தட்ட 1,800 கிலோ எடை. எண்ணெய் அழுத்தத்தில் அசையும் ஒற்றைக் கை. அச்சில் வார்த்த கொதிக்கும் உலோகப் பாகங்களை எடுத்து வைப்பது அதன் உத்தியோகம். மனிதன் கை சுட்டுக்கொண்ட இடத்தில் அது கூசாமல் நின்றது.

1966-ல் அமெரிக்க டெலிவிஷனில் ஜானி கார்சன் நடத்திய நிகழ்ச்சிக்கு இந்தக் கையைக் கொண்டுபோய், கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளவைத்தார்கள், பீர் ஊற்றவைத்தார்கள், வாத்திய கோஷ்டிக்குக் கோல் அசைத்து வழிநடத்தவும் செய்தார்கள். ஜனங்கள் சிரித்து மகிழ்ந்தார்கள். கம்பெனிக்கு என்னவோ 1975 வரையில் லாபம் கண்ணில் படவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த யந்திரத்துக்கு வேலையை எப்படித் தெரிவித்தார்கள்? ஒருவர் பக்கத்தில் நின்று, அதை முதல் இடத்துக்கு நகர்த்தி, 'இதை ஞாபகம் வைத்துக்கொள்' என்று ஒரு பொத்தானை அழுத்துவார். பிறகு இரண்டாவது இடம், மறுபடி பொத்தான். இப்படி ஒவ்வோர் இடமாகக் காட்ட, அது ஒரு காந்த உருளையில் பதிந்துவிடும். அதன்பின் அந்த வரிசையை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும். இதற்கு அன்றும் இன்றும் தொழிலில் வழங்கும் பெயர் 'டீச்சிங்'. அதாவது பாடம் சொல்வது. விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைக்கும் அட்சராப்பியாசம் மாதிரிதான். ஆனால் நம் பிள்ளைகள் பத்தாம் நாள் தானாகவே 'அ' எழுதும், சுவரில்கூட. இந்த மாணாக்கனோ அரிசித் தட்டை அரை அங்குலம் நகர்த்தி வைத்தால் தரையில் எழுதும்.

நிற்க. வெல்டிங் ரோபோவின் சரித்திரத்தில் மறக்க முடியாத ஊர் ஒன்று உண்டு: அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்திலுள்ள லார்ட்ஸ்டவுன். 1966-ல் அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை திறந்தது. 1970-ல் 'வேகா' என்ற சின்னக் காரைச் செய்வதற்காக, கூட்டை வெல்டிங் வைக்கும் இடத்தில் யூனிமேட் கைகளை வரிசையாக நிறுத்தினார்கள். வழக்கமாக ஒரு தொழிற்சாலையில் மணிக்கு அறுபது கார் நகர்ந்தால், இங்கே நூறு. ஒரு காருக்கு 36 விநாடி. முப்பத்தாறு விநாடியில் என்ன செய்யலாம் என்று வாசகர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்க்கலாம். ஒரு டம்ளர் காப்பியைப் பதமாக ஆற்ற முடியாது.

ரோபோக்கள் மணிக்கு நூறு என்றால் நூறுதான். அவற்றுக்கு வலிக்கவில்லை. ஆனால் வரிசை முழுதும் ரோபோ இல்லையே! வெல்டிங் முடிந்து வெளியே வரும் கூட்டில் இருக்கை, விளக்கு, கம்பி, கதவு எல்லாம் பொருத்தினவர்கள் மனிதர்கள். அதிலும் முக்கால்வாசிப் பேர் வியட்நாம் யுத்த காலத்து இளைஞர்கள், தலைமுடி வளர்த்தவர்கள், அதட்டினால் பணியாதவர்கள். 1971-ல் நிர்வாகம் கைமாறி, ஆட்களைக் குறைத்தார்கள். அவர்கள் செய்த வேலையை மிஞ்சினவர்கள் தலையில் கட்டினார்கள். பாதி பூட்டிய கார்கள் வரிசையைவிட்டு இறங்க ஆரம்பித்தன. வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று கம்பெனி சொல்லிற்று. முப்பத்தாறு விநாடியில் முடியாததை முடியவில்லை என்று விடுகிறோம் என்று தொழிலாளிகள் சொன்னார்கள். 1972 மார்ச்சில் வேலைநிறுத்தம். ஏறக்குறைய மூன்று வாரம் நடந்தது. நீக்கப்பட்டவர்களில் பலருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, வேகம் குறையவில்லை.

இந்தப் போராட்டத்தை 'ரோபோவுக்கு எதிரான கலகம்' என்று சுருக்கிச் சொல்வதுண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. வெல்டிங் கன்னைத் தூக்கித் தோள் இறங்கினவன், அதை யந்திரம் எடுத்துக்கொண்டதற்காக அழமாட்டான். யந்திரத்தின் நாடித் துடிப்பை மனிதன்மேலும் விதித்ததுதான் லார்ட்ஸ்டவுனில் நடந்த அநியாயம். சுமையை இறக்கிவைக்க வந்த கையையே சாட்டை பிடிக்கவும் வைத்துவிட்டார்கள். சாட்டையைச் சொடுக்கினது யந்திரம் அல்ல என்பதும் அந்த இளைஞர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

யாரும் எதிர்பாராத இன்னொரு சங்கதியும் அதே சமயத்தில் நடந்தது. ஆளைக் குறைக்க வந்த யந்திரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. முன்பு வெல்டிங் வைத்தவன் தன் கன்னைத் தானே பார்த்துக்கொண்டான். தாமிர நுனி அடிபட்டுக் காளான் மாதிரி விரிந்துவிட்டால், கடி பலக்காது, பருப்பு சிறுத்துவிடும். கை வெல்டர் பொறியின் நிறத்தைப் பார்த்தே 'நுனி போய்விட்டது' என்று மாற்றிவிடுவான். தகடுகள் சரியாகச் சேராமல் இடைவெளி விட்டிருந்தால், முழங்கையால் ஓர் அழுத்து அழுத்திக்கொண்டு வைப்பான். இவற்றையெல்லாம் எந்த மானேஜரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சம்பளப் பட்டியலிலும் அதற்குக் கலம் இல்லை. அவன் போனபிறகுதான், அவன் இருபது இடத்தில் வெல்டிங் மட்டும் வைத்துக்கொண்டிருக்கவில்லை என்பது தெரிந்தது. ரோபோ இருபது இடத்தையும் கச்சிதமாகத் தொட்டது. நுனி தேய்ந்ததும், தண்ணீர் அடைத்ததும், தகடு விலகி உட்கார்ந்ததும் அதற்குத் தெரியவில்லை. இந்தத் தெரியாமைகளையெல்லாம் கூட்டிச் சேர்த்து ஓர் உத்தியோகம் ஆக்கினால், அவன்தான் ரோபோ டெக்னீஷியன்.

அவன் படிப்பு பத்து வருஷத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. யூனிமேட் காலத்தில் எண்ணெய்க் குழாயும் வால்வும் தெரிந்தால் போதும், கையெல்லாம் எண்ணெய். 1973-ல் ஜெர்மனியின் கூக்கா கம்பெனி மின் மோட்டாரால் ஆறு அச்சில் அசையும் கையைக் கொண்டுவந்தது. 1974-ல் ஸ்வீடனின் ஆசியா கம்பெனி, முழுக்க மின்சாரத்தில் ஓடி நுண்செயலி ஆட்டிவைக்கும் ரோபோவை விற்றது. எண்ணெய் போய்ச் சர்க்யூட் வந்தது, சர்க்யூட்டுக்குப்பின் புரோகிராம். ஜப்பானில் கவாஸாகி கம்பெனி அமெரிக்காவிலிருந்து உரிமம் வாங்கி 1969-லேயே ரோபோ செய்ய ஆரம்பித்திருந்தது. 1980-ஐ அந்த நாட்டார் ரோபோ பரவலின் முதல் ஆண்டு என்றே குறித்துக்கொண்டார்கள். அங்கே தொழிலாளிகள் தங்கள் ரோபோக்களுக்குச் சினிமா நட்சத்திரங்கள், பாட்டுக்காரிகள் பெயரை வைத்துக் கூப்பிட்டார்களாம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பெயர் வைத்துக் கூப்பிட்டால், அதன் சுபாவம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். நம் வண்டிக்காரர்கள் மாட்டுக்குப் பெயர் வைத்த மாதிரிதான்.

ஆனால் இது மாடு அல்ல என்பதையும் சீக்கிரமே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1979 ஜனவரியில் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து வார்ப்பாலை ஒன்றில், அடுக்கிலிருந்து பாகங்களை எடுக்க ஏறிய இளம் தொழிலாளி ஒருவர், யந்திரக் கை தலையில் மோதி இறந்தார். 1981-ல் ஜப்பானில், பழுது பார்க்க வேலிக்குள் போன ஒருவரை, முழுதும் நிறுத்தப்படாத ரோபோ பக்கத்து யந்திரத்தோடு சேர்த்து நெரித்துவிட்டது. இந்த இரண்டாமவர் நம் கட்டுரையின் கதாநாயகனுடைய ஜாதி. மற்றவர்களெல்லாம் வேலிக்கு வெளியே நிற்கலாம். பாடம் சொல்கிறவனும் பழுது பார்க்கிறவனும் வேலிக்குள் போயே தீர வேண்டும். கண்ணில்லாத பிராணி கட்டிப்போட்டிருக்கும் கொட்டிலுக்குள் போகிற மாதிரி.

அவனைக் காப்பாற்றுவதற்காக உண்டான சாதனங்களில் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்திருக்கிறது. ரோபோவை அருகில் நின்று நகர்த்தக் கையில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். 'டீச் பெண்டன்ட்' என்று பெயர். அதன் முதுகில் ஒரு விசை. அதை அழுத்திப் பிடித்திருந்தால்தான் ரோபோ அசையும், விட்டால் நின்றுவிடும். ஆரம்பத்தில் இவ்வளவோடு விட்டிருந்தார்கள். மனிதன் பயந்தால் கையை விட்டுவிடுவான் என்பது கணக்கு. ஆனால் பயந்தவன் எப்போதும் விடுவதில்லை. சில சமயம் இறுகப் பற்றிக்கொள்கிறான். தண்ணீரில் முழுகுகிறவன் அகப்பட்டதைப் பிடிப்பது போல. ஆகவே பிற்பாடு அந்த விசையை மூன்று நிலை உள்ளதாக மாற்றினார்கள். விட்டாலும் நிற்கும், நெரித்துப் பிடித்தாலும் நிற்கும், நடுநிலையில், நிதானமாகப் பிடித்தால்தான் அசையும். அவ்வளவு பெரிய யந்திரத்தில் மனித மனசைப் புரிந்துகொண்டு செய்த ஒரே உறுப்பு இந்தச் சின்ன விசை என்று எனக்குத் தோன்றும். அந்த அறிவுக்கு முன்னால் சில உயிர்கள் போயிருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எண்பதுகளில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு பெரிய மோகம் வந்தது. ஜப்பான் கார்களோடு போட்டி போட முடியாததற்குக் காரணம் தொழிலாளிதான் என்று முடிவு கட்டி, அவனை எங்கும் ரோபோவால் நிரப்பிவிடுவது என்று கோடி கோடியாகச் செலவிட்டார்கள். 1985-ல் டெட்ராய்ட் நகரத்தை ஒட்டி ஹாம்ட்ராமிக் என்ற இடத்தில் திறந்த தொழிற்சாலையில் சுமார் 260 ரோபோக்கள். பெயிண்ட் அடிக்கும் ரோபோக்கள் காரை விட்டுவிட்டு ஒன்றன்மேல் ஒன்று அடித்துக்கொண்டன என்று அந்நாளைய பத்திரிகைகள் எழுதின. வரிசை நின்று நின்று போயிற்று. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1984-ல், அதே கம்பெனி கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் மூடிக் கிடந்த தன் பழைய தொழிற்சாலையை டொயோட்டாவோடு கூட்டாகத் திறந்தது. அங்கே புதிதாக ரோபோக்களைக் கொட்டவில்லை. 'உதவாக்கரைகள்' என்று பெயரெடுத்த பழைய தொழிலாளிகளையே பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தவறு கண்டால் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்ற உரிமையை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். ஜப்பானில் செய்த காருக்கு ஏறக்குறைய நிகரான கார் அங்கிருந்து வெளியே வந்தது.

சரித்திரம் சில சமயம் நாவலாசிரியனைவிடத் துணிச்சலாகக் கதை கட்டும். 2010-ல் அந்தக் கூட்டுத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதே கட்டடத்தை வாங்கினது டெஸ்லா. 2018-ல் தங்கள் புதுக் காருக்காக ரோபோக்களை மிதமிஞ்சிப் போட்டு, உற்பத்தி தடுமாறி, அளவு மீறிய தானியங்கி ஏற்பாடு தம் பிழைதான், மனிதரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று அதன் தலைவர் எலான் மஸ்க் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன் அதே கூரைக்கடியில் படித்த பாடம். கட்டடங்களுக்கு ஞாபக சக்தி கிடையாது. மனிதர்களுக்குத்தான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்து நிலவரம் என்ன? 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹ்யூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ரோபோ புதுமை அல்ல. சில மாதம் முன்பு அந்தப் பக்கம், கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையைப் பார்க்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. அங்கே ரோபோக்கள் செய்வது கம்பியை உருக்கி ஓட்டும் ஆர்க் வெல்டிங். கண்ட்ரோல் பெட்டிமேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. சுற்றிக் காட்டிய பையனுக்கு இருபத்தாறு வயசு இருக்கும். டிப்ளமா படித்தவன்.

"இதுக்கு எடம்தான் சார் தெரியும், பொருள் தெரியாது. பாகம் ரெண்டு மில்லி தள்ளி உக்காந்திருந்தா, ரெண்டு மில்லி தள்ளியே ரொம்ப அழகா வெல்டிங் வச்சுட்டுப் போயிடும். பாத்தா குத்தமே சொல்ல முடியாது. பிடிப்பு மட்டும் இருக்காது" என்றான்.

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

"சத்தத்தில பாதி தெரிஞ்சுடும் சார். நல்லா வெச்சா வடகம் பொரியறாப்பல ஒரே சீரா இருக்கும். எங்க பெரியவர் சொல்லிக் கொடுத்தது."

பெரியவர் என்று அவன் சொன்னது, முப்பது வருஷம் கையால் வெல்டிங் வைத்து, ரோபோ வந்தபிறகு அதற்கு 'டார்ச்' எந்தச் சாய்வில் போகவேண்டும், எந்த மூலையில் அரை விநாடி தயங்கவேண்டும் என்று பையன்களுக்கு அருகில் நின்று சொன்ன ஒருவரை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ரோபோ மெனக்கெட்டு ஒப்பிக்கிற பாடம் அவருடையது. ஆனால் அதில் அவர் பெயர் இல்லை. புரோகிராமுக்கு ஓர் எண் மட்டும் இருக்கிறது.

பையனுடைய அன்றாடத்தைக் கேட்டேன். முதல் ஷிப்ட், இரண்டாவது ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று வாரத்துக்கு வாரம் மாறும். கம்பி சிக்கும், நுனியில் தாமிரக் குழாய் தேயும், வாயு வரும் மூக்கில் பொறி அடைந்துகொள்ளும். ஒரு சின்ன பேட்டரி தீர்ந்து போனால், ரோபோ தன் கை எங்கே இருக்கிறது என்பதையே மறந்துவிடும். ஒவ்வொரு மூட்டையும் குறிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, 'இதுதான் நீ' என்று மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். வரிசை நின்றால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கணக்கு. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுவிட்டால் பத்துப் பேர் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். "பத்துப் பேரு பின்னால நிக்கறப்ப வேலிக்குள்ள போறதுதான் சார் ஆபத்து. பூட்டைப் போட்டுட்டுத்தான் போகணும்னு தெரியும். ஆனா பூட்டறதுக்கும் ரெண்டு நிமிஷம் ஆகுதே" என்றான். 1981-க்கும் இன்றைக்கும் நடுவில் எத்தனையோ வேலிகளும் விதிகளும் வந்திருக்கின்றன. அந்த இரண்டு நிமிஷம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைக் கொடுக்கிற மனசு மேலே உள்ளவர்களுக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான், உள்ளே போனவன் வெளியே வருவது.

என்னுடைய கவலை இன்னொன்று. பெரியவருக்குக் காதில் இருந்த வித்தையை இந்தப் பையன் பாதி வாங்கிக்கொண்டான். இவனுக்குப் பின் வருகிறவனுக்கு அதில் பாதி. கையால் வெல்டிங் வைத்தவர்களே இல்லாமற்போன ஒரு நாளில், யந்திரம் தப்பாக ஒப்பிக்கிறது என்று யார் கண்டுபிடிப்பார்கள்? கேமரா பார்க்கும், கம்ப்யூட்டர் கணக்குப் போடும் என்கிறார்கள். போடட்டும். ஆனால் எது நல்ல வெல்டிங் என்று அந்தக் கேமராவுக்கும் முதலில் ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்? குருவே இல்லாத பாடம் உலகத்தில் இதுவரை ஏற்பட்டதில்லை. கிரில் பட்டறையில் கருப்புக் கண்ணாடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குந்தியிருக்கிறவரை நாம் அலட்சியமாகத் தாண்டிப் போகிறோம். அந்த வரிசை அறுந்தால், பல கோடி ரூபாய் யந்திரமும் அரிசித் தட்டு நகர்ந்தது தெரியாமல் தரையில் எழுதிக்கொண்டிருக்கும்.

லார்ட்ஸ்டவுன் தொழிற்சாலை 2019 மார்ச்சில் தன் கடைசிக் காரைச் செய்துவிட்டு நின்றது. மணிக்கு நூறு என்ற வேகமும் அதைக் காப்பாற்றவில்லை. வேகத்தால் ஒரு தொழில் நிலைக்கும் என்று நினைத்தவர்களும், வேகத்தை எதிர்த்து நின்றவர்களும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போனார்கள்.

சாப்பெக்கின் நாடகத்தில் ரோபோக்கள் கடைசியில் கலகம் செய்து மனித குலத்தையே அழித்துவிடுகின்றன. ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன. அவர் அல்குவிஸ்ட், கட்டட வேலை பார்ப்பவர். தத்துவம் பேசியவர்கள், லாபக் கணக்குப் போட்டவர்கள், ரோபோவைக் கண்டுபிடித்த சாஸ்திரிகள் எல்லோரும் போகிறார்கள். அல்குவிஸ்டை ஏன் விட்டார்கள் என்றால், அவர் தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறவர் என்பதனால். 1920-ல், ரோபோ ஒன்றையும் கண்ணால் காணாமல், ஓர் எழுத்தாளர் இவ்வளவு தூரம் பார்த்திருக்கிறார்.